03233: என் தூக்கத்தைக் கெடுத்த ஆமை

03233. இந்த இலக்கத்தை நான் கல்முனைச் சந்தையில் மீன் வெட்டுற இடத்திலும் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டில் சஹனைச் சுத்தி இருந்துகொண்டும் சொல்லியிருக்கிறேன். இன்னும் வாய் ஓயவில்லை, இப்ப உங்களுக்கும் சொல்லப்போறேன்.

அது ஒரு பங்குனி ஆமையின் துடுப்பில் பூட்டின சின்ன உலோகத் தகட்டு இலக்கம். 2021 மார்ச்சில் ஒடிசாவின் கஹிர்மாதாக் கரையில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறைக்காரர்கள் பூட்டிவிட்டது. 2025 ஜனவரியில் ஒரு ராத்திரி அதே ஆமை எங்க கரையேறிச்சு தெரியுமா? மகாராஷ்டிராவில், குஹாகரில்! கிழக்குக் கரை ஆமை மேற்குக் கரையில்! 120 முட்டை இட்டுப்போட்டுப் போயிருக்கு, 107 குஞ்சு கடலுக்கு இறங்கியிருக்கு. தூரம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். இந்து சமுத்திரப் படத்தை ஒருக்கா மனசுல விரிச்சுப் பாருங்க. ஒடிசாவிலயிருந்து குஹாகருக்குப் போறதுக்கு நடுவுல நிக்கிறது யாரு? நாம, இலங்கை! பாம்பன் பக்கத்தால் நுழைஞ்சிருக்கலாம் என்றும் சொல்லலாம்தான். என் மனசு கேட்கமாட்டேங்குது, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை என்று நம்ம கரையைப் பார்த்துக்கொண்டேதான் அது போயிருக்கணும்!

ஆசையில் மட்டும் சொல்லவில்லை. 2001 ஏப்ரலில் ஒடிசாவின் தேவி ஆற்றுமுகத்தில் நாலு ஆமைகளின் ஓட்டில் செய்மதிக் கருவி ஒட்டிவிட்டார்கள். மூச்செடுக்க ஆமை மேலே வரும்போதெல்லாம் அந்தக் கருவி வானத்துக்குச் செய்தி அனுப்பும். அதில் ஒன்று நேரே இலங்கைப் பக்கம் வந்தது! இதை முதன்முதலில் வாசித்த அன்று வீட்டில் எல்லாரையும் எழுப்பிச் சொன்னவன் நான்.

இந்த வெறியோடதான் ஒரு மாசி ராத்திரி வினாயகபுரத்தில் மச்சான்ட கரைவலை வாடியில் படுத்திருந்தேன். சாமத்தில் தோளைப் பிடிச்சு உலுப்பினார். "காக்கா, கெதியா எழும்புங்க, ஆமை ஏறுது." செருப்பையும் தேடவில்லை, ஓடினேன். நினைச்சுப் பாருங்க, நிலவு இல்லை, கடல் இரைச்சல் மட்டும், ஈரமணலில் சக்கரம் உருண்ட மாதிரி ஒரு தடம், தடத்தின் முடிவில் அவ! முட்டையிடத் தொடங்கும்வரை அசையாமல் தூரத்தில் குந்தியிருந்தோம், பிறகு பின்பக்கமாக ஊர்ந்து போய், சிவப்புத் தாள் சுற்றின டோர்ச்சை மட்டும் லேசாகக் காட்டினார் மச்சான், அப்பத்தான் கண்டேன், குழியின் ஓரத்தில் மடிந்து நிற்கிற அந்தப் பின்துடுப்புகளை, உள்ளே விழுகிற முட்டைகளை, இரண்டு, மூன்று, ஒன்று, திரும்ப இரண்டு, வெள்ளை வெளேரென்று வழுவழுப்பு ஒட்டின முட்டைகள், இடையிடையே புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, கண்ணிலிருந்து உப்புநீர் வழிஞ்சு கன்னத்து மணலெல்லாம் கட்டிபட்டிருக்கு, எனக்கும் கண் நிறைஞ்சு போச்சு, வெட்கமில்லாமல் சொல்றேன், கையும் காலும் நடுங்கினது எனக்கு. முன்துடுப்பில் தகடு இருக்கா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. அதற்காக மனசு கொஞ்சமும் வாடவில்லை, ஏனென்றால் அடுத்து நடந்ததைக் கேளுங்க: குழியை மூடிப்போட்டு அவ ஆடத் தொடங்கினா! இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு, வயிற்றோட்டால் மணலைத் தொம் தொம்மென்று இடிச்சு இறுக்கிறா, அந்த அதிர்வு மணலுக்குள்ளால் வந்து என் முழங்காலில் தட்டுது, சுபஹானல்லாஹ், இதைச் சொல்லிக்கொடுத்தது யாரு?

ஆமைகளுக்கு இன்னொரு வித்தையும் தெரியும்: முட்டையிடப் பெரும்பாலும் தாம் பிறந்த பக்கத்துக்கே திரும்பி வரும். அதுக்குப் பூமியின் காந்தப் புலம் வழிகாட்டுது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வட அத்திலாந்திக்கில் சாமன் மீனும் இப்படித்தான், தான் பிறந்த ஆற்றுக்கே வந்து சேரும். கனடாவில் மிராமிச்சி ஆற்றுச் சாமன் குஞ்சுகளின் வயிற்றுக்குள் ஒலி எழுப்புகிற கருவியை வைத்துத் தைத்து, கடலில் எந்த இடத்தில் தொலைந்து போகின்றன என்று தேடுகிறார்கள். அதைக் கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும். ஆனாலும் என் நெஞ்சு அந்தச் சின்னத் தகட்டிடம்தான். செய்மதிக் கருவிக்குக் காசு நிறைய வேணும், கொஞ்சக் காலத்தில் கழன்றும் போகும். தகடும் சிலநேரம் கழலும்தான், அதை விடுங்க. 1955இல் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்கர் கொஸ்டாரிக்காவின் டோர்டுகேரோக் கரையில் ஆமைகளுக்கு அடையாளம் பூட்டத் தொடங்கினார். தகடு கண்டவர்கள் அனுப்பின தகவலால்தான் ஆமைகள் எங்கெங்கே போகின்றன என்று உலகம் அறிந்தது. அனுப்பினவர்களில் எத்தனையோ பேர் சாதாரண மீன்பிடிகாரர்கள்! பட்டமும் வேணாம், ஆய்வுகூடமும் வேணாம், கண் இருந்தால் போதும்.

அதனால் நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எங்க வலை இழுத்தாலும் என் சொந்தங்களே, ஆமை சிக்கினால் வெட்டிப்போடாமல் வலையைத்தான் வெட்டுங்க. துடுப்பில் தகடு இருந்தால் உயிருள்ள ஆமையிடம் அதைக் கழற்றாதீங்க. ஒரு படம் எடுங்க, இலக்கம், திகதி, இடம் மூன்றையும் எழுதி நாரா என்ற நீர்வள ஆய்வு நிறுவனத்துக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ சொல்லுங்க. சொல்லிப்போட்டு எனக்கும் ஒரு கோல் எடுங்க, சாமம் என்றாலும் பரவாயில்லை.