இரண்டு சீமோன்களும் ஒரு விளையாட்டு நூலும்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. இயற்றியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர். காயை நகர்த்தி மற்றவரை வெல்லும் ஆட்டமன்று இது. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனை மாந்தனின் வேடத்தை ஏற்கின்றனர். நடத்துநர் ஒருவர் சொல்லும் கதைக்குள் தாம் செய்யத் துணிவதை வாயால் சொல்லிப் பகடை உருட்டுகின்றனர். 2016இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் வாயிலாக நம் வாலிபரும் இதனை அறிந்துள்ளனர். ஆடலாமா, ஆகாதா என்று அவர்கள் போதகரிடம் கேட்கின்றனர். விடை கூறுமுன் நூலை வாசிப்பது நம் கடன்.

அமெரிக்கக் கிறிஸ்தவர் சிலர் 1980களில் இதனை எதிர்த்த முறை நாம் பின்பற்றத் தக்கதன்று. 1984இல் ஜாக் சிக் வெளியிட்ட சித்திரத் துண்டுப்பிரதி, ஆடுவோர் மெய்யான சூனியக் கூட்டத்தில் சேர்க்கப்படுவதாகவே காட்டிற்று. எதிர்ப்பு வலுக்கவே, 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் பதிப்பாளர் பேய், பிசாசு என்ற பெயர்களை நீக்கி வேறு பெயர்களை இட்டனர். பெயர் மாறிற்றேயன்றி நூலின் சிந்தனை மாறவில்லை. எதிர்த்தவர்கள் அச்சிந்தனையைத் தொடவேயில்லை.

வேடமேற்பதே பாவம் என்பாரும் உளர். வட ஆற்காட்டு மண்ணில் நின்று அப்படிச் சொல்வது எளிதன்று. திரௌபதி அம்மன் விழாக் கூத்தில் இரவெல்லாம் துரியோதனனாய் நிற்பவர் விடிந்ததும் முகப்பூச்சைக் கழுவிவிட்டுத் தம் வேலைக்குப் போகிறார். கூத்தில் ஆவேசம் வருவதுண்டு என்பது மெய்யே. ஆனால் அங்கே கோயிலும் விரதமும் உண்டு. பகடை மேசையில் அவை இல்லை.

மந்திர வகைகளுக்கு வருவோம். 1978இல் வெளியான ஆட்டக்காரர் கைந்நூல் மந்திரத்தை எட்டுப் பிரிவாக்குகிறது: காப்பு, வரவழைப்பு, குறியறிதல், மனமயக்கு, ஆற்றலெழுப்பல், மாயத்தோற்றம், இறந்தோரைச் சார்ந்த வித்தை, உருமாற்றம். நம் நாட்டு மாந்திரிகமும் எட்டென்றே எண்ணுகிறது: வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருஷணம், பேதனம், வித்துவேடணம், மாரணம். எண்ணின் ஒற்றுமை தற்செயலே. வேற்றுமைதான் நோக்கத்தக்கது. விளையாட்டின் எட்டும் ஒரு விசை எவ்வாறு இயங்குகிறது என்பதன் பெயர்கள். நம்மவர் எட்டோ அயலான்மேல் செய்யப்படுவதன் பெயர்கள்: அவனை வசப்படுத்துதல், ஓட்டுதல், பிரித்தல், கொல்லுதல். மாந்திரிகத்தில் அயலான் ஒருவன் எப்போதும் இருக்கிறான் என்பதை நம் மந்திரவாதி ஒளிக்கவில்லை. அவ்வளவில் அவனே உண்மையுள்ளவன்.

நம்மைக் கலங்கச் செய்வது மந்திரவாதி என்னும் வகுப்பன்று. குரு என்னும் வகுப்பே. 1974ஆம் ஆண்டு விதிகளில் பாத்திர வகுப்புகள் மூன்றுதாம்: போர்வீரன், மந்திரவாதி, குரு. திருடன் அடுத்த ஆண்டின் துணைநூலில் வந்து சேர்ந்தான். குருவின் மந்திரப் பட்டியலைப் படிக்கும் இறையியல் மாணவன் திடுக்கிடுவான். கோல்கள் பாம்பாகின்றன, பூச்சிக் கூட்டம் வாதையாக வருகிறது, அப்பமும் தண்ணீரும் உண்டாகின்றன, மரித்தவன் எழுகிறான். யாத்திராகமமும் நற்செய்தி நூல்களும் படிவாரியாக அடுக்கப்பட்டுள்ளன. மரித்தவனை எழுப்புவது ஐந்தாம் படி. குரு முற்பட்ட வேளையில் ஜெபித்துப் பெற்றுக்கொண்டதைக் களத்தில் செலவிடுகிறான். செலவிட்டது அன்றைக்குத் தீர்ந்தது. லாசருவின் கல்லறையண்டையில் ஆண்டவர் கண்ணீர் விட்டார். அக்கண்ணீருக்கு இந்த அட்டவணையில் கட்டம் இல்லை.

குரு மேற்படிக்கு உயர்வது எவ்வாறு? தொடக்ககால விதிகளின்படி, நிலவறையிலிருந்து மீட்டுவரும் பொற்காசு ஒவ்வொன்றும் ஓர் அனுபவப் புள்ளி. புள்ளி பெருகப் படி உயரும். படி உயர ஜெபத்தின் வல்லமை மிகும். சமாரியாவின் மாயவித்தைக்காரன் சீமோன் அப்போஸ்தலருக்கு முன்பாகப் பணத்தை வைத்துக் கேட்டது இதனையே (அப். நட. 8:18-19). பேதுரு கடிந்து மறுத்ததை விளையாட்டு நூல் விதியாகவே எழுதிவைத்தது.

ஆயினும் அந்நூலாசிரியர் மேல் கல்லெறியுமுன் சற்று நிற்போம். எண்ணெய்ச் சீசாவும் ஜெபத்துணியும் நம் கூட்டங்களில் எப்படிக் கைமாறுகின்றன? இத்தனை நாள் உபவாசத்திற்கு இன்ன பலன் என்று அறிவிக்கும் சுவரொட்டிகள் பாலாற்றின் இரு கரையிலும் ஒட்டப்படவில்லையா? ஜெபம் என்பது சேர்த்துவைத்துச் செலவிடும் ஆற்றல் என்ற போதகத்தை நம் வாலிபன் பகடை மேசையில் முதன்முறையாகக் கற்பதில்லை. நம் பிரசங்க பீடத்திலிருந்து கேட்டதை அங்கே அடையாளம் கண்டுகொள்கிறான். நமது குறை இங்கேதான்.

இன்னொன்று. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஆறு குணங்கள் பகடையால் அளக்கப்படுகின்றன. ஆறாவதன் பெயர் ‘கரிஸ்மா’. மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையாக அது 3 முதல் 18 வரை அமையும். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் பவுல் ஆவியின் வரத்தைக் குறிக்க ஆளும் சொல் இதுவே. 1 கொரிந்தியர் 12இல் வரம் பிறருடைய பிரயோஜனத்திற்காக அளிக்கப்படுகிறது. எவனும் அதை வைத்துத் தன் உயரத்தை அளந்துகொள்வதற்கில்லை. விளையாட்டில் அது ஒருவனது கவர்ச்சியின் எண். ஆங்கிலப் பேச்சுவழக்கு இச்சொல்லை ஏற்கெனவே அப்படித்தான் ஆக்கியிருந்தது. ஆதலால் குற்றம் முழுவதும் கைகாக்ஸுடையதன்று. எனினும் அதே அதிகாரத்தின் மற்றொரு பாதி ஆட்டத்தில் பிழைத்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இங்கே தனியொருவன் வெல்வதில்லை. வீரனின்றிக் குருவும், குருவின்றித் திருடனும் நிலவறையைக் கடக்க மாட்டார். கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்லாத ஒரு மாலைப்பொழுதை இது தருகிறதென்றால், அதை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது.

இனி, பிறப்பைப் பற்றிய விதி. 1981ஆம் ஆண்டின் அடிப்படைப் பதிப்பில் மனிதன் மட்டுமே தன் வகுப்பைத் தெரிந்துகொள்வான். ‘ட்வார்ஃப்’ எனப்படும் குள்ளனுக்கோ ‘எல்ஃப்’ எனப்படும் வனவாசிக்கோ தெரிவு இல்லை. பிறந்த இனமே அவனது வகுப்பு. அவனவன் இன்ன படிக்குமேல் உயரலாகாது என்ற வரம்பும் உண்டு. நம் நாட்டு வாசகனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு அவ்வரம்புகளை எடுத்துவிட்டது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பு ‘இனம்’ என்பதற்கு அவர்கள் ஆண்டுவந்த ஆங்கிலச் சொல்லையும் கைவிட்டது. விற்பனையை நோக்கிய மாற்றம் என்று ஒருவர் சொல்லலாம். அப்படியே இருக்கட்டும், மாற்றினார்கள். ஆற்காட்டு மிஷன் தோன்றியது 1853இல். குலம் பார்த்துப் பெண் கொடுப்பதும், குலம் பார்த்துச் சபைத் தேர்தலில் வாக்களிப்பதும் தமிழகத் திருச்சபையில் இன்னும் எந்தப் பதிப்பிலும் நீங்கவில்லை.

விளையாட்டின் திருடன் அணிவது தோற்கவசம். அந்தத் தோலை யார் பதனிட்டார் என்று கதை கேட்பதில்லை. 1979ஆம் ஆண்டின் நடத்துநர் நூலில் உபதொழில் அட்டவணை ஒன்றுண்டு. அதில் ஒரு வரியாகத் தோல் பதனிடுபவன் வருகிறான். அவன் ஒரு வகுப்பல்லன். அவனுக்குப் படிகளும் இல்லை. இராணிப்பேட்டையிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் ஊழியஞ்செய்கிற போதகர் இந்த வரியில் சற்று நின்று வாசிக்கவேண்டும். சுண்ணாம்புக் குழியில் இறங்கிய தகப்பனும், ஆம்பூரின் காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தண்டையில் அமர்ந்திருக்கும் மகளும் அவருடைய சபையார்.

அப்போஸ்தலர் நடபடிகளில் எட்டாம் அதிகாரத்துச் சீமோன் தன்னைப் பெரியவனென்று சொல்லிக்கொண்டவன். ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் வேறொரு சீமோன் வருகிறான். யோப்பா பட்டணத்தில், கடலோரத்தில் வீடு. தொழில் தோல் பதனிடுதல். யூத மரபு அத்தொழிலை எவ்வாறு ஒதுக்கிற்று என்பதற்கு மிஷ்னா சான்று: பதனிடும் இடம் ஊருக்கு ஐம்பது முழம் அப்பால் இருக்கவேண்டும், நாற்றம் பொறாத மனைவி விடுதலை கேட்கலாம். அந்த வீட்டில் பேதுரு அநேக நாள் தங்கினார். அதன் மேல்வீட்டிலேதான் சுத்தமானது அசுத்தமானது என்னும் அட்டவணை அவருக்கு முன்பாகக் கிழிந்தது. கொர்நேலியு அனுப்பிய புறஜாதியார் வாசலில் நின்று கூப்பிட்டபோது, பேதுரு அவர்களை உள்ளே அழைத்து அன்றிரவு அங்கேயே தங்கவைத்தார். வீட்டுக்காரன் பேசிய ஒரு வார்த்தையும் லூக்காவின் நூலில் இல்லை. அவன் கதவு திறந்திருந்தது.

நம் மாணவர் எட்டாம் அதிகாரத்துச் சீமோனைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் ஆயத்தம் செய்துள்ளனர். மற்ற சீமோனைப் பற்றி, தோல் மணக்கும் இந்த வட்டாரத்திலேயே, நாம் கேட்டவை மிகச் சில.