காடுகாண் காதையில் அச்சம்

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தின் முதலாவதான காடுகாண் காதையை வெறும் வழிநடை வருணனையெனக் கொள்வது எளிது. அக்காட்டினை அச்சத்திற்குரியதாக்குவது யாது என யாம் ஈண்டு ஆராய்வோம்.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் செல்லும் அவ்வழியில் கொடுவிலங்கு எதுவும் அவர்களை எதிர்த்திலது. நீர்வேட்கையாற் கோவலன் தனித்துப் பொய்கைக்கரை சேர்ந்தபோதே கானுறை தெய்வம் தோன்றுகின்றது. அதுவும் வயந்தமாலை வடிவில். புகாரில் அவன் ஏலாது மறுத்த மாதவியின் ஓலையைக் கொணர்ந்தவள் அவளே. எனவே, காட்டிடை அவனை மருட்ட வந்தது அவன் விட்டுவந்த பழவாழ்வே என்க.

மாங்காட்டு மறையோன் முன்னர்க் கூறியதை நினைந்து, கோவலன் கொற்றவை மந்திரம் ஓதுகின்றான். தெய்வம் தன் உண்மை கூறி, இதனைக் கண்ணகிக்கும் கவுந்திக்கும் உரையற்க என வேண்டி அகல்கின்றது. அவன் தாமரையிலையில் நீர் கொணர்ந்து கண்ணகியின் துயர் தீர்க்கின்றான். நிகழ்ந்ததை உரைத்தானென இளங்கோவடிகள் பாடிற்றிலர்.

மந்திரம் பொய்யுருவை ஓட்டிற்று, பழவினையை ஓட்டவில்லை. புறஞ்சேரியிறுத்த காதையில் கோசிகமாணி மாதவியின் மெய்யோலையையே கொணர்கின்றான். அதனைக் கண்ட பின்னரே, பிழை தன்பாலதெனக் கோவலன் தெளிகின்றான். காட்டில் எழுந்த அச்சம் அத்தெளிவிலேயே அடங்குகின்றது என்பது எம் துணிபு.