மாஸ்ட்ரிக்டின் புத்தகக் கோயில்

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில், 13ஆம் நூற்றாண்டின் டொமினிக்கன் தேவாலயம் 2006 முதல் புத்தகக் கடையாக இயங்குகிறது. அதன் அழகைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் உயர்ந்த வளைவுகளையே சொல்கிறார்கள். என் பார்வையில் பாராட்டு சேர வேண்டியது கடைக்குள் நிற்கும் கறுப்பு இரும்பு அலமாரிக்கு. கடைக்குத் தேவையான இடம் தரையில் இல்லை; வடிவமைப்பாளர்களான மெர்க்ஸும் ஜிரோவும் அதை மேல்நோக்கித் தேடினார்கள். பல அடுக்கு அலமாரியை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கியதால், மறுபக்கம் கூடத்தின் முழு உயரமும் கண்ணுக்குத் தப்பாமல் இருக்கிறது. நாளை கடை வேண்டாம் என்றால் அலமாரியைக் கழற்றிவிடலாம். கல் அப்படியே இருக்கும். படியேறினால், கீழிருந்து அண்ணாந்து பார்த்த விதான ஓவியங்கள் நெருங்கி வருகின்றன. வழிபாட்டுக் காலத்தில்கூடச் சாதாரண பக்தருக்குக் கிடைக்காத பார்வை இது!

ஆண்டவன் வீட்டில் வியாபாரமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1794இல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்த பிறகு வழிபாடு நின்றுபோனது. பின்னாளில் சைக்கிள்கள்கூட இங்கே நின்றன. கடை வெளியேற்றியது சைக்கிள்களைத்தான், கடவுளை அல்ல. போதனையும் படிப்பும் தொழிலாகக் கொண்ட டொமினிக்கன் துறவியரின் இடத்துக்குப் புத்தகம் அந்நியமும் அல்ல. பலிபீடம் இருந்த பகுதியில் காப்பிக்கடை போட்டு, மேசையைச் சிலுவை வடிவில் செய்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. அலமாரி காட்டிய அடக்கம் அந்த மேசையில் இல்லை.