கணவனின் வழக்கும் மனைவியின் சொல்லும்

பிரெஞ்சு ஆட்சிக் காலப் புதுச்சேரியில், 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டப்படி, கணவன் முறையிட்டால் பிறனோடு உறவு கொண்ட மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை. கணவனோ, குடும்ப வீட்டிலேயே வேறொருத்தியை வைத்திருந்தாலன்றிக் குற்றவாளி ஆகான், அப்போதும் அபராதமே. 1963இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு வந்ததும் நிலை தலைகீழாயிற்று. அதன் 497ஆம் பிரிவு மனைவியை விட்டுவிட்டு, அவளோடு கூடியவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதித்தது. இதைப் பெண்ணுக்குக் காட்டிய பரிவு என்று மெச்சியோர் உண்டு. கணவன் இசைந்திருந்தால் குற்றமே இல்லை என்னும் வாசகத்தை அவர்கள் ஊன்றிப் படிக்கவில்லை போலும். உடைமைக்குரியவனின் அனுமதியன்றோ அது! தவறிய கணவன் மீது வழக்கிட மனைவிக்கு வழியும் இல்லை.

விபச்சாரம் பெரும்பாவம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஷரீஅத்தின் லிஆன் முறையைக் காண்க. சாட்சியில்லாத கணவன் நான்கு முறை சத்தியம் செய்து, ஐந்தாவதாகத் தான் பொய்யனாயின் தன் மீது இறைசாபம் இறங்கட்டும் என்கிறான். மனைவியும் அவ்வாறே ஐந்து முறை மறுத்துரைத்தால் தண்டனை நீங்குகிறது. அவள் சொல்லுக்கு அவன் சொல்லின் நிறை. 497இன் கீழ் நடந்த வழக்கிலோ அவள் ஒரு தரப்பே அல்லள்.

1985இல் இப்பிரிவை நிலைநிறுத்தியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், 27.9.2018 அன்று அதை ஒருமனதாக நீக்கிய ஐவர் அமர்வில் அவர் மகனும் இருந்தார். 1.7.2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 497 இல்லை. ஆனால் பிறன் மனைவியைத் தகாத உறவுக்காகக் கவர்ந்து செல்வதைப் பற்றிய பழைய 498, 84ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அவள் விருப்பத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.