ஒரு கிளிக்கில் சிக்காத சூரியன்

2019 டிசம்பர் 26 அன்று சேத்தியாத்தோப்பில் எடுத்ததாகச் சொல்லி, கரோனா ஜொலிக்கும் படம் யாராவது அனுப்பியிருந்தால் நம்பாதீங்க. இங்கே தெரிந்தது பகுதி கிரகணம். கரோனா முழுக் கிரகணத்தில்தான் தெரியும்.

அப்படியொன்றை 1871 டிசம்பர் 12 அன்று நம்ம ஊட்டி தொட்டபெட்டாவிலேயே படம் பிடித்தது கர்னல் டென்னன்ட் குழு. கரோனாவின் உள்பக்கம் பளீர், வெளிப்பக்கம் மங்கல். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் சிக்காது. அதனால், அந்தக் கிரகணத்தின் தகடுகளைப் பார்த்துப் பார்த்து ஒரே சித்திரமாக வரைந்தார் வெஸ்லி.

இன்று அதே வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. தப்பில்லை. ஆனால் பல படங்களை ஒட்டிவிட்டு, ‘ஒரே கிளிக்’ என்று காட்டினால் அது பொய். எத்தனை படம் சேர்த்தது என்று கீழே ஒரு வரி போடட்டும். அப்புறம் தாராளமாகக் கை தட்டுவோம்!