திரைக்கு முன் நின்ற சொல்: அல்ஃபிரெட் ரோஸின் கான்தார்

கொங்கணிக் கவிஞர் எனப் பட்டியலிடப்படுவோருள் அல்ஃபிரெட் ரோஸின் (1932-2003) பெயர் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. கோவாவின் பர்தேஸ் வட்டத்து அல்தோனாவைச் சேர்ந்த இவர், தாமே பாட்டெழுதி, இசையமைத்து, மேடையேறிப் பாடியவர். தியாத்ர் என்னும் நாடக அரங்கின் நடிகர். மக்கள் இவருக்குக் குறை வைக்கவில்லை. இன்னிசை மன்னர் என்றே கொண்டாடினர். குறை திறனாய்வாளர் பக்கம் உள்ளது. அப்பட்டப்பெயரும் ஒருவகையில் தடையாயிற்று எனலாம். இசையில் மயங்கிய செவி சொல்லைத் தவறவிட்டது.

தியாத்ர் 1892இல் பம்பாயில் 'இத்தாலியன் புர்கோ' என்னும் நாடகத்துடன் தோன்றியது. அதில் கதையோடு ஒட்டிய பாட்டு வேறு, கான்தார் வேறு. ஓர் அங்கம் முடிந்து, பின்னால் காட்சி மாற்றப்படும் வேளையில், பாடகர் திரைக்கு முன் வந்து நிற்பார். கதைமாந்தர் என்னும் போர்வை அப்போது அவருக்கு இல்லை. ஊர்ச்செய்தி, அரசியல், குடும்பப் பூசல் எதுவாயினும் தம் குரலிலேயே பேசவேண்டும். சில நிமிடங்களில் ஒரு வழக்கை எடுத்துரைத்து முடிக்கவேண்டும். முதல் முறை கேட்கும்போதே விளங்காத சொல்லுக்கு அங்கு இடமில்லை. தனித்துப் பாடினும், மனைவி ரீத்தா ரோஸுடன் இணைந்து பாடினும், ரோஸின் சொல் இசைக்குள் அமிழ்ந்துபோவதில்லை. ஆயினும் அறிவுரையில் முடிக்கும் கான்தார் மரபை அவர் மீறினார் எனல் மிகையாகும். மென்மையான மெட்டு அங்கதத்தின் கூரை மழுக்கிவிடும் இடங்களும் உண்டு.

மொழியியலாருக்கு இப்பாடல்கள் வேறொரு வகையிலும் பயன்படுவன. உரோம எழுத்தில் எழுதப்படும் கொங்கணி, போர்த்துகீசிய எழுத்துமுறையைத் தழுவியது. 1963ஆம் ஆண்டுத் திரைப்படமாகிய 'ஆம்சேம் நொஷீப்' என்பதன் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். முதற் சொல்லின் ஈற்றில் உள்ள 'எம்' என்னும் எழுத்து மகர மெய்யன்று. முன்னுள்ள உயிர் மூக்கொலியாக ஒலிக்கவேண்டும் என்பதற்கான குறி. அடுத்த சொல்லின் 'எக்ஸ்' ஷகர ஒலிக்கு நிற்பது. (தமிழில் எழுதும்போது மகரத்தைப் போடுவதன்றி வேறு வழியில்லை என்பதும் நம் எழுத்தின் இடர்ப்பாடே.) கான்தார் என்பதன் பன்மையாகிய கான்தாராம் என்னும் சொல்லிலும் இதே நிலை. அச்சில் ஓர் எழுத்தாக நிற்பது, பாட்டில் நீண்டொலிக்கும் மூக்குயிராகிறது. அடிகளின் இயைபும் அதன்மீதே அமைவதுண்டு. அச்சுப் படியை மட்டும் கொண்டு பெயர்ப்பவர் இவ்வியைபை இழந்துவிடுவார்.

ரோஸ் புறக்கணிக்கப்பட்டதற்கு எழுத்தும் ஒரு காரணம். 1987ஆம் ஆண்டு கோவா ஆட்சிமொழிச் சட்டம் கொங்கணி என்பதைத் தேவநாகரியில் எழுதப்படும் கொங்கணி என வரையறுத்தது. 1992இல் இம்மொழி எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. உரோம எழுத்தில் வளர்ந்த தியாத்ர், இலக்கிய மதிப்பீட்டில் புறத்தே நின்றது. தியாத்ருக்கெனக் கோவாவில் ஒரு கழகம் அமைந்ததே 2009இல்தான். அப்போது ரோஸ் மறைந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன.