உறுதி இல்லாதோர் வரலாறு

கல்லூரியில் வரலாறு படித்தவனுக்கு வேலை எங்கே என்று கேட்போர் ஒரு சாரார். முன்னோர் பெருமையைப் பாடுவதற்கே வரலாறு என்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் எதிரெதிரே நிற்பவர்போலத் தோன்றினும், வரலாறு என்பது முடிந்துபோன செய்திகளின் மூட்டை என்ற ஒரே எண்ணம் உடையவரே. முன்னவர் அது விலைபோகாதென்று எறிகின்றனர். பின்னவர் அதைத் தலையிற் சுமந்து ஊர்வலம் வருகின்றனர். அவிழ்த்துப் பார்க்க இருவருக்கும் மனமில்லை. அவிழ்த்துப் பார்க்கும் பயிற்சியே கல்லூரி வரலாற்றுக் கல்வியின் பயன் என்பது நமது கருத்து. அப்பயிற்சி யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம்.

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் உள்ளது லக்கல. வயலோடு சேனையும் அங்குள்ள குடியானவனின் வாழ்வு. காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்துக் குரக்கன் விதைப்பான். அறுவடைக்குப்பின் சில ஆண்டுகள் நிலத்தை ஓயவிடுவான். காடு மீண்டும் வளரும். அந்த ஓய்வும் பயிர்ச்செய்கையின் ஒரு பகுதியே.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதை அவ்வாறு காணவில்லை. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுப்புச் சான்று காட்டப்படும்வரை, முடிக்குரியவை என்றது அது. கண்டிப் பிரதேசங்களின் சேனைகளைப் பெயர் சுட்டியே முடிக்குரியவை ஆக்கிற்று. அரச சாசனமோ, வழக்கமான வரி செலுத்திய சான்றோ உடையவனே தப்பலாம். வழக்காற்றினால் நிலத்தை ஆண்டவனிடம் சாசனம் ஏது? ஓய்ந்திருந்த நிலம் சட்டத்தின் கண்ணில் வெறுங்காணி ஆயிற்று. முடிக்குரிய காணிகள் கோப்பித் தோட்டக்காரருக்கு ஏக்கர் ஐந்து ஷில்லிங் வீதம் விற்கப்பட்டன. 1844இலேயே அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது.

1848இல் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், அன்றேல் பணம் கட்டு என்றது மற்றொரு சட்டம். அவ்வாண்டு யூலை மாத இறுதியில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. இராணுவச் சட்டம் பிறந்தது. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பாடநூல் இங்கே ஒரு வீரனின் பெயரைத் தந்து நின்றுவிடும். கல்லூரி மாணவன் நிற்கலாகாது. இச்செய்திகளை நமக்குச் சொன்னவர் யார் என அவன் கேட்டாக வேண்டும். அதிகாரிகளின் கடிதங்கள், இராணுவ நீதிமன்றப் பதிவுகள், பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் விசாரணை ஏடுகள் ஆகியவையே சான்றுகளிற் பெரும்பகுதி. எழுதியவர் ஆண்டவர், குடியானவனின் குரல் அவற்றில் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே ஒலிக்கிறது. அந்த ஏட்டிலிருந்தே அதை எழுதியவனின் நலனையும் எழுதப்பட்டவனின் துயரையும் பிரித்தறிவது எளிதன்று. அதற்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும்.

அம்மாணவன் இன்னொரு வினாவையும் எழுப்புவான். விற்கப்பட்ட காணியில் உழைத்தவர் யார்? மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியே காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்துவந்த தமிழகத்து ஏழைகள். கொள்ளைநோயில் வழியிலேயே மடிந்தோர் பலர். சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களிடம் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு இல்லாதோர் பல்லாயிரவர் நாடற்றவராயினர்.

1840இல் சிங்களக் குடியானவனிடம் காணிக்குச் சாசனம் கேட்ட அதிகாரம், 1948இல் தமிழ்த் தொழிலாளியிடம் பிறப்புக்குச் சாசனம் கேட்டது. முதலதை அந்நியன் செய்தான். இரண்டாவதைச் சுதந்திர இலங்கை செய்தது. ஆட்சி மாறியது; எழுத்தில் இல்லாதவனுக்கு உரிமை இல்லை என்ற நியாயம் மாறவில்லை. சிங்களப் பெருமை பேசும் வரலாறு இரண்டாவதை மறைக்கும். தமிழ்ப் பெருமை பேசும் வரலாறோ முதலாவதைப் பொருட்படுத்தாது. மன்னர்களின் கொடியை எண்ணும் அதன் கண்ணிற் கூலித் தொழிலாளியும் நெடுங்காலம் படவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காணும் கண்ணே நமக்கு வேண்டுவது.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் பாடசாலையில் வரலாற்றைச் சமூகக் கல்வியினுள் கரைத்தது. பின்னர் அது தனிப்பாடமாக மீண்டது. ஆனால் மன்னர் வரிசையையும் ஆண்டுகளையும் ஒப்புவிக்கும் முறையே தொடருமானால், பாடம் மீண்டதனால் விளையும் நன்மை சிறிதே. குறிப்புகளைச் சொல்லி எழுதவைக்கும் ஆசிரியர், வாரம் ஒரு மூல ஆவணத்தையேனும் மாணவர் கையிற் கொடுத்து, இதில் யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்று வினவட்டும்.

லக்கலயின் கதை முடிந்துவிடவில்லை. நக்கிள்ஸ் காடு 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. களு கங்கை நீர்த்தேக்கத்தில் பழைய பல்லேகம ஊர் மூழ்கிவிட்டது. மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். காடும் காக்கப்பட வேண்டும். வயலுக்கு நீரும் வேண்டும். அவ்வாறாயின், நிலம் யாருடையது, சான்று எது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாக்கள் அங்கே மீண்டும் எழுந்தே தீரும். அவற்றை எழுப்பும் திறன் உடைய ஓர் இளைஞனை ஒவ்வொரு கிராமத்துக்கும் அளிக்குமாயின், கல்லூரியின் வரலாற்று வகுப்பு தன் கடனைச் செய்ததாகும்.